நிரஞ்சனுக்கு மட்டும் முழுக்கோடு

அந்த மூலையை மட்டும் அமுக்காத தாயி. சொன்னாக் கேளு. கீழ வலது கைப் பக்கம் மணி காட்டுது பாரு, அதுக்குப் பக்கத்துல வளைவு வளைவா ஒரு கோடு இருக்குல்ல, அதைத்தான் சொல்றேன். அதை அமுக்குனா ஒரு வரிசை விரியும். அக்கம்பக்கத்துல யார் யார் நெட்டு இருக்கோ அத்தனையும் பேர் பேரா வந்து நிக்கும். எங்க வீட்டுல குடி கெட்டது அந்த மூலையிலதான்.

என்ன அப்படிப் பாக்குற? சுங்கடிச் சேலை கட்டுன பொம்பளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? எல்லாம் தெரியும். உன்னோடது விண்டோஸ், அதனால கீழ இருக்கு. ஆப்பிளா இருந்தா மேல இருக்கும். லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அரசாங்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் குடுத்துச்சே லேப்டாப்பு, அதுல. அதுலயும் மேலதான், ஆனா பாக்க வேற மாதிரி இருக்கும். மூணுலயும் பாத்தவ நான். மூணுலயும் அவன் இருந்தான்.

யாரா? சொல்றேன், சொல்றேன். நீ எதுவரைக்கும் போற? திருநெல்வேலியா? நாங்க கோவில்பட்டியில இறங்கிருவோம். நாங்கன்னா நானும் எம் மகனும். அந்தா, கதவுகிட்ட ஊதாச் சட்டை போட்டுகிட்டு நிக்கிறான் பாரு, அவன்தான். பூபாலன். திண்டுக்கல்லுல மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருக்கான். வண்டி ஏறுனதுலருந்து முதுகைக் காட்டிட்டுத்தான் நிக்கிறான். உக்காருடான்னேன், உக்காரல. வடை வாங்கிக் குடுத்தேன், கையிலயே வச்சிருக்கான். மெதுவாப் பேசுவோம், அவன் காதுல விழ வேண்டாம்.

இன்னைக்கு அவன் வாழ்க்கையைத் தீத்து விட்டுட்டு வரத்தான் போறோம் தாயி. ஆமா, பொண்டாட்டி வேண்டாம்னு பெரியவங்க முன்னாடி சொல்லிட்டு வரணும். அவ கொண்டு வந்த கட்டில் பீரோ, பாத்திரம் பண்டம் எல்லாம் எந் தம்பி காலையிலயே டெம்போவுல ஏத்திட்டுப் போயிட்டான். நாங்க போய்ப் பேசுனா முடிஞ்சது. நல்லா விசாரிச்சுத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். சும்மா ஒரு பொண்ணு மேல பழி போடுற ஆளில்ல நான்.

மருமக பேரு மாரித்தங்கம். தங்கம்னுதான் கூப்பிடுவோம். கோவில்பட்டிப் பொண்ணு. குறை சொல்லக்கூடாது, ஆளு லட்சணமா இருப்பா. வீட்டுல இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை, ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரிக் கணக்கு. காதுல ஒண்ணை மாட்டிக்குவா, உக்காந்துருவா. ஏதாவது சொன்னா, "இதோ வர்றேன் அத்தை"ம்பா. வருவா. வந்து செஞ்சுட்டுத் திரும்ப உக்காந்துருவா. அப்பவே எனக்கு உள்ளுக்குள்ள ஒரு இது இருந்துச்சு. இவ்வளவு பணிவா ஒரு மருமக இருந்தா அதுல ஏதோ இருக்கத்தானே செய்யும்?

ஆடி முடிஞ்சு ஆவணி பிறந்த சமயம். வீட்டு நெட்டு நின்னு போச்சு. நான் மோர் கொண்டு போய்க் குடுக்கலாம்னு அவ பின்னாடி போய் நிக்கிறேன், அவ அந்த மூலையை அமுக்குறா. வரிசை விரியுது. மொதல்ல எங்க வீட்டு நெட்டு, பூபாலன்னு எம் மகன் பேருதான். கடைசியில டெய்சி, அது மாடியில குடியிருக்கிற டீச்சரோடது. நடுவுல ஒண்ணு. நிரஞ்சன். இங்கிலீஷ் எழுத்து எனக்குக் கூட்டி வாசிக்க வரும். என், ஐ, ஆர்னு கூட்டிப் பாத்தேன். நிரஞ்சன்தான்.

எங்க தெருவுலயே நிரஞ்சன்னு ஒருத்தன் கிடையாது. அதுவும் கோடு எப்படி இருக்குங்கற? எங்க வீட்டு நெட்டுக்கே பாதிக் கோடுதான் கருப்பா இருந்துச்சு. அவனுக்கு மட்டும் முழுக்கோடு! அப்படின்னா ஆளு எவ்வளவு கிட்டக்க இருக்கணும்? அதுக்குப் பக்கத்துல ஒரு பூட்டுப் படம் வேற. திண்டுக்கல்காரிகிட்டயே பூட்டைக் காட்டுறான் தாயி!

"யாரும்மா இந்த நிரஞ்சன்?"னேன். சாதாரணமாத்தான் கேட்டேன். அவ திரும்பிக்கூடப் பாக்கல. "தெரியல அத்தை, பக்கத்துல யாரோட போனாவது இருக்கும்"ங்கறா. எப்படி? யாரோ ஒரு ஆம்பளை பேரு நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல வந்து நிக்குது, ஒரு பொம்பளை பதற வேணாம்? இவ மோரை வாங்கிக் குடிக்கிறா. நெஞ்சழுத்தம்.

அன்னைக்குப் பிடிச்சேன் நான்.

மொதல்ல என்ன செஞ்சேன், என் போனை எடுத்து அந்தக் கம்ப்யூட்டர் திரையைப் போட்டோ பிடிச்சுகிட்டேன். ஆதாரம் வேணும்ல? அது நல்ல போன் தாயி, போட்டோ அப்படியே கண்ணாடி மாதிரி விழும். பழைய போனு தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்துருச்சு, ஆடியிலதான் இதை வாங்குனேன். வீட்டுல புதுசுன்னு சொல்லிருக்கேன். உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன, பஸ் ஸ்டாண்டு கடையில வாங்குன செகண்ட்ஸ்தான். சம்பந்தியம்மா புது போன் வச்சுகிட்டு மினுக்குறப்ப நான் பழசு வச்சிருக்கேன்னா அசிங்கமில்லையா? கடைக்காரன் சொன்னான், காலேஜ் பையன் ஒருத்தன் வச்சிருந்தது, கீறல்கூட விழாமப் பாத்துகிட்டான்னு. நிசந்தான், கீறல் இல்ல. ஒரே குறை, எப்பப் பாத்தாலும் அடுப்புல வச்ச தோசைக்கல்லு மாதிரி சூடா இருக்கும், சார்ஜ் நிக்காது. இடுப்புல சொருகுனா சுடும். பரவால்லன்னு சொருகிக்குவேன். இதைக் கீழ வச்சுட்டு நகர மாட்டேன் நான்.

அப்புறம் பரிசோதனை பண்ணுனேன். அவ குளிக்கப் போன நேரம் அவ லேப்டாப்பைத் தூக்கிகிட்டு வீடு பூராச் சுத்துனேன். அடுப்படிக்குப் போனேன், முழுக்கோடு. கொல்லைக்குப் போனேன், முழுக்கோடு. வாசலுக்கு வந்தேன், முழுக்கோடு. எங்க வீட்டு நெட்டாவது கொல்லைக்குப் போனா ஒவ்வொரு கோடாக் குறையுது. இவனுக்கு ஒரு கோடு குறையல தாயி! நான் போற பக்கமெல்லாம் கூடவே வர்றான். எனக்கு அப்படியே மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. வேலி ஓரமா ஒளிஞ்சு ஒளிஞ்சு வர்றான்னு நினைச்சு, அருவாமனையை எடுத்துகிட்டுப் போய்க்கூடப் பாத்தேன். நாய்தான் படுத்துருந்துச்சு.

ஒரு கம்ப்யூட்டர் பொய் சொல்லலாம், இல்லியா? அவ ஏதாவது பண்ணி வச்சிருக்கலாம். அதனால மாடிக்குப் போனேன். டெய்சி டீச்சர் மகளுக்கு அரசாங்க லேப்டாப்பு இருக்கு, அதுல அந்தப் பிள்ளை லினக்ஸ் வச்சிருக்கா. "பாப்பா, இங்க என்னென்ன நெட்டு தெரியுதுன்னு பாரு"ன்னேன். மேல ஓரத்துல அமுக்குனா. நிரஞ்சன்! டீச்சரோட மருமகன் பெங்களூர்லருந்து வந்துருந்தாரு, ஆப்பிள் வச்சிருக்காரு. "மாப்பிள்ளை, உங்களுதுல பாருங்க"ன்னேன். அதுலயும் மேலதான், அமுக்குனாரு. நிரஞ்சன்! டீச்சர் முகம் சுருங்கிப் போச்சு. "இவ்வளவு நாளா எங்களுக்கு இது தெரிஞ்சதே இல்லையேக்கா, நீங்க வந்த நேரம் தெரியுது"ன்னாங்க. பாவம், வெள்ளந்தி. அவங்க கண்ணுக்கே அன்னைக்குத்தான் பட்டுருக்கு. என்னாலதான் பட்டுச்சு.

மூணு விதமான கம்ப்யூட்டரு, மூணும் ஒரே ஆளைக் காட்டுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு?

என் போன்ல பாத்தியான்னா கேக்குற? பாத்தேனே. அதுல எல்லாரும் இருக்காங்க, பூபாலன் இருக்கு, டெய்சி இருக்கு, அவன் மட்டும் இல்ல. நல்ல போனுங்கறது அதுதான், இந்த மாதிரி ஆளையெல்லாம் அண்ட விடாது. நானும் அதை அப்படித்தான் வச்சிருக்கேன். மேலருந்து விரலால இழுத்தா பொத்தான் பொத்தானா வருதுல்ல, அத்தனையையும் நீலமாக்கி வச்சிருக்கேன். காசு குடுத்து வாங்குன பொருளு, எதை எதுக்கு அணைச்சு வைக்கணும்? டார்ச்சு மட்டும் அணைச்சிருக்கேன். அப்புறம் அந்த ஏரோப்ளேன் படம். அதைத் தொட்டா எல்லாம் போயிரும், அதைத் தொடவே மாட்டேன்.

இப்பத்தான் முக்கியமான விசயம் வருது, கேளு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தேன். அங்கருந்து எம் மகனுக்குப் போனைப் போட்டு, "டேய், அவ கம்ப்யூட்டர்ல மூலையை அமுக்கிப் பாரு, அவன் இருக்கானா?"ன்னேன். "இல்லம்மா"ங்கறான். "நல்லாப் பாரு." "இல்லவே இல்லம்மா." சரி, இரு வர்றேன்னு ஓடியாறேன். நான் கேட்டைத் திறந்து உள்ள கால் வைக்கிறேன், இவன் உள்ளருந்து, "அம்மா, வந்துருச்சு"ங்கறான்.

புரியுதா உனக்கு? நான் இல்லாத நேரம் அவனுக்கு நெட்டு எதுக்கு? நேர்லயே வந்துருவான். நான் வந்ததும் வெளிய ஓடிப்போய் நெட்டைப் போட்டுட்டு உக்காந்துக்குவான். அன்னைக்கு வீட்டுல மகன் இருந்தானேன்னா கேக்குற? நீ ஒருத்தி! குறுக்கக் குறுக்கக் கேள்வி கேட்டா நான் எப்படிச் சொல்றது? கள்ளனுக்கு ஆயிரம் வழி.

மதுரை வந்துருச்சா? காப்பி குடிக்கிறியா? வேண்டாமா? சரி.

அன்னைக்குச் சாயங்காலம் நடுக்கூடத்துல வச்சு அவளைக் கேட்டேன். நேராவே கேட்டேன். "யாருடி நிரஞ்சன்?" அவளுக்கு முகம் வெளுத்துப் போச்சு. "அத்தை, என்ன கேக்குறீங்க?" "மூணு கம்ப்யூட்டர்ல பாத்துட்டேன். ஊருக்கே தெரிஞ்சு போச்சு. நீயாச் சொல்லிரு." அவ எம் மகனைப் பாக்குறா. அவன் தரையைப் பாக்குறான். நான் பேசுறப்ப அவன் வாயைத் திறக்க மாட்டான் தாயி. சின்னதுலருந்தே அப்படி. அவங்க அப்பா போன பிறகு ஒத்தை ஆளா வளத்தேன், ஒரு எதிர்ச்சொல்லு சொன்னதில்ல. அப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்.

அப்புறம் மெதுவாச் சொல்றா, "அத்தை, நானும் கவனிச்சுகிட்டுத்தான் இருக்கேன். நீங்க வீட்டுல இருந்தா அது வருது, நீங்க வெளிய போனா போயிருது. உங்க போனை ஒரு நிமிசம் குடுங்க, பாத்துட்டுத் தந்துர்றேன்"னு.

எப்படி இருக்கும் எனக்கு? என்னைச் சொல்றா! அவ பண்ணுன கூத்துக்கு என்னைச் சொல்றா! அதோட, அவ போனை எதுக்குக் கேக்குறா? ஆதாரம் பூரா அதுலதானே இருக்கு? வாங்குனா அழிச்சுருவா. தர மாட்டேன்னுட்டேன். "அத்தை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒரே ஒரு நிமிசம்"னு கையை நீட்டிகிட்டே வர்றா. நான் போனை ஜாக்கெட்டுக்குள்ள சொருகிகிட்டு, வாசலுக்கு வந்து, தெருவே கேக்குற மாதிரிக் கேட்டேன். கேக்கக்கூடாததையெல்லாம் கேட்டேன்னு வச்சுக்கயேன். அவ ஆத்தா வளர்ப்பையும் சேத்துத்தான். டீச்சர் ஓடி வந்து வாயைப் பொத்துனாங்க. பக்கத்து வீடு எதிர்த்த வீடு எல்லாம் வெளிய வந்துருச்சு.

அவ அழுவான்னு பாத்தேன். அழல. "ஆட்டைத் தோள்ல போட்டுகிட்டுக் காடெல்லாம் தேடுன கதை"ன்னு வாய்க்குள்ள சொல்றா. என்னைப் பாத்து! நான் என்ன ஆடு மேய்க்கிறவளா? எங்க வீட்டுல ஆடே கிடையாது. அப்புறம் எம் மகன் முன்னாடி போய் நின்னா. "நீங்க ஏதாவது சொல்லுங்க. நம்புறீங்களா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்"னா. அவன் பேசல. நின்னா, நின்னா, நின்னுகிட்டே இருந்தா. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் நின்னான்னு வச்சுக்கயேன். அவன் ஒரு வார்த்தை பேசல. எனக்குப் பெருமையா இருந்துச்சு தாயி, மறைக்கக் கூடாது. மறுநாள் காலையில அவ அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு.

அதுக்கு அப்புறம் அவன் என்கிட்டயும் பேசல. பசி இல்லம்பான், படுத்துக்கறேம்பான், அவ்வளவுதான். கடையைத் திறக்கல. கட்டவேண்டிய மோட்டாரெல்லாம் வாசல்ல கிடக்கு. ஒருநாள் அவ உக்காந்து வேலை பாக்குற நாற்காலியில உக்காந்து சுவத்தைப் பாத்துகிட்டு இருந்தான். அவ போட்ட வசிய மருந்து அப்படி. அதான், சீக்கிரம் தீத்து விட்டுட்டா மனசு தெளிஞ்சுருவான்னு நாந்தான் நாள் குறிச்சேன். மாமனாரு போன்ல அவன்கிட்ட என்ன சொன்னாராம் தெரியுமா? "எவன் எவங்கறது எங்களுக்கு வேண்டாம் மாப்பிள்ளை. நீங்க ஏன் வாயைத் திறக்கலன்னு மட்டும் வந்து சொல்லிட்டுப் போங்க"ன்னாராம். எப்படிப் பேச்சை மாத்துறாங்க பாரு.

என்ன தாயி, நீ ஏன் அப்படி முழிக்கிற? எதைப் பாக்குற? கம்ப்யூட்டரை ஏன் என் பக்கம் திருப்புற? அமுக்காதன்னு சொன்னேனே! இரு, கண்ணாடியை மாட்டிக்கறேன்.

ஐயோ.

ஐயோ தாயி. என், ஐ, ஆர்... இங்கயுமா? இங்கயும் வந்துட்டானா? ஓடுற ரயில்லயா? முழுக்கோடு! அடி ஆத்தி, இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கான். கூடவே வந்துருக்கான் பாவி. கோவில்பட்டிக்குப் போறோம்னு அவதான் சொல்லிருப்பா. அந்தா, காதுல மாட்டிகிட்டு உக்காந்துருக்கானே, அவனா? அவன் தூங்குறான். மேல படுத்துருக்கிறவனா? ஏய், யாருப்பா இங்க நிரஞ்சன்? யாருன்னு கேக்குறேன்ல! யாரும் திரும்பல பாரு. தாயி, சத்தம் போடாத, பூபாலனுக்குத் தெரிஞ்சா இப்பவே அவனை அடிச்சுக் கொன்னுருவான். ஒரு பக்கம் கதவு, ஓடுற வண்டி, கொலை விழுந்துரும். எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை.

என்ன? என் போனா? எதுக்கு?

நீயும் அவளை மாதிரியே கேக்குற. தர மாட்டேன். அதுல ஆதாரம் இருக்கு. அழிக்க மாட்டியா? நிசமா? உங்க அம்மா மேல சத்தியமா? நீ யாரோ எவரோ, உனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்ல... சரி, இந்தா. சூடா இருக்கும், பாத்துப் பிடி. என் கண்ணு முன்னாடியே பாரு. தள்ளிக் கொண்டு போகாத.

அதை ஏன் இழுக்குற? அதெல்லாம் நான் போட்டு வச்சது. அந்தப் பொத்தானை ஏன் அணைக்கிற? அது நீலமாத்தான் இருக்கணும். ஹாட்ஸ்பாட்டா? என் போன்லருந்தே நெட்டு வெளிய போகுதா? அது என்ன கருமமோ, இருந்துட்டுப் போகட்டும், உன்னை என்ன பண்ணுது?

எங்க பாக்கச் சொல்ற? கம்ப்யூட்டர்லயா? ஆமா, பாக்குறேன். எங்க அவன்? இப்ப இருந்தானே? ஸ்டேசன் எதுவும் வரலையே, எங்க இறங்குனான்?

திரும்பப் போடுறியா. போடு.

...

இன்னொரு தடவை அணை.

...

போடு.

...

போதும் தாயி. போதும். மூடி வையி.

கொஞ்சம் தண்ணி குடு.

அந்தக் காலேஜ் பையன் பேரா இருக்குமோ? பேரை மாத்தாமலே வித்துட்டானா? கடைக்காரனாவது பாக்க வேணாம்? அவன் சொல்லிருக்கணும். டீச்சர் மருமகன் பெங்களூர்ல வேலை பாக்குறாரு, அவருக்குத் தெரிஞ்சிருக்க வேணாம்? யாருமே ஒரு வார்த்தை சொல்லலையே. அவ... அவ சொன்னாதான். சொன்னவ தட்டிப் பறிச்சுப் பாத்துருக்கணும். கையை நீட்டிகிட்டு நின்னா எப்படி?

என் இடுப்புலயே இருந்துருக்கான். அருவாமனையைத் தூக்கிகிட்டுப் போனேனே தாயி, அப்பவும் என் இடுப்புலதான் இருந்துருக்கான்.

சாத்தூர் போயிருச்சா? அடுத்தது கோவில்பட்டிதானே? சரி, சரி. யோசிப்போம். பதறக் கூடாது. இங்க பாரு, அந்தப் பொத்தானை அணைச்சுரு. ஒரேயடியா அணைச்சுரு, திரும்ப வரக்கூடாது. அணைச்சுட்டியா? அவ்வளவுதான். அவன் போயிட்டான். இனிமே எந்தக் கம்ப்யூட்டர்லயும் வர மாட்டான். நான் போய் அங்க சொல்லிக்கறேன், "போனது போகட்டும். சின்னஞ்சிறுசுக, தெரியாமப் பண்ணிருக்கும். நாங்க பெரிய மனசு பண்ணி மன்னிச்சுட்டோம், பொண்ணை அனுப்பி வைங்க"ன்னு. அவளும் வந்துருவா. தம்பியை டெம்போவைத் திருப்பச் சொல்லிருவேன். எல்லாம் பழையபடி ஆயிரும். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்.

என்ன தலையை ஆட்டுற? மகன்கிட்டச் சொல்லவா? நான் போய் எப்படிச் சொல்லுவேன்? தெரு பூரா நின்னு கேட்டுச்சே, அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்? சம்பந்தியம்மா முன்னாடி எப்படி நிப்பேன்? உனக்கென்ன, நீ திருநெல்வேலிக்குப் போயிருவ. மன்னிச்சுட்டோம்னு சொன்னா அவளுக்கும் கௌரவந்தானே? இல்லையா? பண்ணாத தப்புக்கு மன்னிப்பான்னா கேக்குற? வாயி நீளுதே உனக்கு. நீயும் ஒரு வீட்டு மருமகதானா?

ஏய், எந்திரிச்சு எங்க போற? கம்ப்யூட்டரைத் தூக்கிகிட்டு எங்க போற? என் போனு! என் போனைக் குடுத்துட்டுப் போடி! தாயி, உன் காலைப் பிடிக்கிறேன், அவன்கிட்டப் போகாத. நானே சொல்றேன். அப்புறமாச் சொல்றேன். ஊருக்குத் திரும்பிப் போகையில சொல்றேன். ஏம்மா!

போயிட்டா. காட்டுறா. அவன் குனிஞ்சு பாக்குறான். அணைக்கிறா. போடுறா. திரும்ப அணைக்கிறா. அவன் போனைக் கையில வாங்கிட்டான். வடையைக் கீழ போட்டுட்டான். அவனே போட்டுப் பாக்குறான். அவனே அணைக்கிறான்.

வர்றான்.

பூபாலா. உக்காருடா, ஸ்டேசன் வர இன்னும் நேரம் இருக்கு. அந்தப் பொண்ணு ஏதோ சொல்றான்னு... அம்மாவுக்கு என்னடா தெரியும் இந்தக் கருமமெல்லாம்? புதுசு இல்லடா அது, செகண்ட்ஸு. சொல்லலாம்னுதான் இருந்தேன். உனக்காகத்தானேடா பாத்தேன்? உன் வாழ்க்கைக்காகத்தானே வீடு வீடாப் போய்ப் பாத்தேன்? ஏன்டா அப்படி நிக்கிற? திட்டணும்னா திட்டுடா. ஊர் பாக்கத் திட்டு, நான் வாங்கிக்கறேன். போனைத் தூக்கி வெளிய எறிஞ்சாலும் எறி. அப்படிப் பாக்காதடா. உன் கண்ணைப் பாக்கப் பயமா இருக்குடா எனக்கு.

வாயைத் திறடா என் ராசா. ஒரே ஒரு வார்த்தை. ஒரு வார்த்தையாவது பேசுடா.